வெள்ளைக்குமேல் ஒரு வண்ணம்

மலர்க்குழுவினர் இவ்வாண்டும் என்னிடம் ஒரு கட்டுரை வேண்டினர். சீறாப்புராணத்தின் உவமைநலம் குறித்தோ குணங்குடியாரின் பாடல்கள் குறித்தோ வழக்கம்போல் எழுதித் தருவேன் என அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். நான் எழுத அமர்ந்ததோ பந்தயக் கார் ஒன்றுக்கு ஒளிரும் வினைல் தாள் ஒட்டிய கதையை. தமிழ்த்துறை மலருக்கும் பந்தயக் காருக்கும் என்ன உறவு என்று வினவும் பெரியோர் சற்றே பொறுத்தருள்க. அக்காருக்குத் தாள் ஒட்டியவன் என் தம்பி. ஓரிரவு முழுதும் அவனுக்கு எடுபிடியாய் நின்றவன் நான்.

எங்கள் அத்தா விளம்பரப் பலகை எழுதியவர். கோவையின் பெரிய கடை வீதியிலும் ஒப்பணக்கார வீதியிலும் ஒரு காலத்தில் கடைகளின் நெற்றியெல்லாம் அவர் எழுத்துத்தான். சாக்குக்கட்டி தடவிய நூலை இழுத்துத் தட்டிக் கோடு போடுவார். இடக்கையிலே ஒரு கழியைப் பிடித்து அதனைப் பலகைமேல் சாய்த்து, அதன்மீது வலக்கையைத் தாங்கி, ழகரத்தின் அடிச்சுழியை ஒரே மூச்சில் இழுத்து முடிப்பார். எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே அளவுகோல் வைத்து அவர் அளந்து நான் கண்டதில்லை. இரண்டடி பின்னே நகர்வார், தலையைச் சாய்த்துப் பார்ப்பார், மீண்டும் எழுதுவார். இளங்கலை, முதுகலை, ஆய்வியல் நிறைஞர் என நான் கற்ற கல்வி முழுதும் அத்தூரிகை நுனியிலிருந்து சொட்டிய காசில் கற்றதே ஆகும். நான் அறைக்குள் நூலோடு அமர்ந்திருந்த மாலைகளில் என் தம்பி முற்றத்தில் அமர்ந்து அவருடைய தூரிகைகளை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருப்பான். அன்று அது எனக்கு ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை.

பின்னர்க் கணினி வந்தது. எழுத்தைத் தானே வெட்டித் தரும் பொறி வந்தது. 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஃப்ளெக்ஸ் பதாகை வந்தது. மூன்று நாள் எழுதவேண்டிய பலகையை மூன்று மணியில் அச்சிட்டுத் தந்தார்கள். அத்தாவைத் தேடி வருவோர் குறைந்தனர். பின்பு எவரும் வரவில்லை. அவர் யாரையும் நொந்துகொள்ளவில்லை. தூரிகைகளைத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தார். அவ்வளவே.

அந்நாளில்தான், 2004ஆம் ஆண்டில், தம்பி வணிகவியல் படிப்பை இரண்டாம் ஆண்டோடு விட்டுவிட்டு, ஸ்டிக்கர் வெட்டும் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். எந்தத் தொழில் அத்தாவின் கையை முடக்கியதோ அதே தொழில்! பெருநாளன்று உறவினர் பலர் கூடியிருந்த கூடத்தில், புதிதாய் விரிவுரையாளராகியிருந்த நான், "எழுதத் தெரியாதவன்தான் வெட்டி ஒட்டுவான்" என்றேன். சொல்நயம் மிக்க தொடர் என்று அப்போது எனக்கே ஒரு பெருமிதம். அத்தா ஒன்றும் கூறாமல் எழுந்து போனார். தம்பி தலைகுனிந்து தட்டிலிருந்த உணவை முடித்தான். அதன்பின் அவன் என்னிடம் மரியாதைக் குறைவாய் ஒருநாளும் நடந்ததில்லை. ஆனால் எந்த உதவியும் கேட்டதுமில்லை. தனிக்கடை வைத்தபோதும் கேட்கவில்லை. திருமணத்திற்குக் கடன்பட்டபோதும் கேட்கவில்லை. அத்தாவும் அக்கடையின் படியை மிதித்ததில்லை.

நிற்க. சென்ற ஆண்டு ஒரு வியாழக்கிழமை மாலை அவனிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. "அண்ணே, கையாள் ரெண்டு பேருக்கும் காய்ச்சல். ஒரு வேலை விடியறதுக்குள்ள முடியணும். தாளைப் பிடிச்சுக்க இன்னொரு ஆள் வேணும். உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா…" என்று இழுத்தான். இருபது ஆண்டுகளில் அவன் கேட்ட முதல் உதவி அது. மறுநாள் முதல் பாடவேளையை நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டேன்.

பம்புகளுக்கும் பஞ்சாலைகளுக்கும் பேர்போன கோவை, பந்தயக் கார்களுக்கும் பேர்போனது என்பதை நம் மாணவருள் பலர் அறியார். செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயச் சுற்றுப்பாதை ஒன்று உண்டு. இந்தியாவில் எளிய விலையில் பந்தயக் கார்களை உருவாக்க முனைந்து, 1995இல் வானூர்தி விபத்தில் உயிர்நீத்த கரிவரதன் அவர்களின் பெயரால் அது கரி மோட்டார் ஸ்பீட்வே என வழங்குகிறது. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவையைச் சேர்ந்தவரே. அவர் அவ்வாண்டு ஓட்டிய ஜோர்டான் அணியின் கார் மஞ்சள் நிறமுடையது. தொலைக்காட்சியில் அம்மஞ்சளைத் தேடித் தேடிப் பார்த்தவர்கள் நாங்கள்.

கடையில் நின்றிருந்தது ஒற்றை இருக்கைக் கார். சக்கரங்கள் வெளியே துருத்தி நிற்க, ஓட்டுநரின் தலை மட்டும் மேலே தெரியும் வகையைச் சேர்ந்தது. அதன் மேலுடல் கண்ணாடியிழையால் ஆனது. மூக்கு, பக்கப்பெட்டிகள், எஞ்சின் மூடி எனத் தனித்தனியே கழற்றிவிடலாம். நிறம் கரும்பழுப்பு. முந்தைய போட்டியில் தூறல் விழுந்துகொண்டிருந்தபோது இக்கார் சுழன்று பாதையின் குறுக்கே நின்றுவிட்டதாம். பின்னால் வந்தவர் நனைந்த சாலையின் நிறத்தோடு நிறமாய்க் கிடந்த இதனைக் காணாமல் வந்து மோதிவிட்டார். நல்லவேளையாக ஓட்டிய இளைஞருக்கு மணிக்கட்டில் அடிபட்டதோடு போயிற்று. "என் மகன் நின்னாலும் தெரியணும், ஓடினாலும் தெரியணும்" என்று அவருடைய தந்தையார் வந்து கேட்டிருக்கிறார். சனிக்கிழமை தகுதிச்சுற்று. அதனால்தான் ஒளிரும் ஆரஞ்சு நிறம். அதனால்தான் அத்துணை அவசரம்.

நம் ஊரில் பளபளக்கும் ஸ்டிக்கர் எதுவாயினும் அதனை 'ரேடியம்' என்றே மக்கள் வழங்குகின்றனர். தம்பியின் கடையையும் ரேடியம் கடை என்றுதான் அங்கே கேட்கவேண்டும். உண்மையில் அவற்றுள் ரேடியம் அணுவளவும் இல்லை. சொல் எங்கோ பிறந்து எங்கோ போய்க் குடியேறுவதற்கு இஃது ஒரு நல்ல சான்று. வகுப்பில் நான் எடுத்துக்காட்டுவதுண்டு. தம்பியோ இவற்றை மூன்றாகப் பிரித்தான். விளக்கொளி பட்டால் அதனை வந்த வழியே திருப்பியனுப்புவது ஒன்று. சாலைப் பலகைகளில் இருப்பது அதுவே. ஒளியை உண்டு, இருட்டிலும் சிறிதுநேரம் மினுங்குவது இன்னொன்று. பகலில் மட்டும் கண்ணைப் பறிப்பது மூன்றாவது. நாங்கள் ஒட்ட இருந்தது இந்த மூன்றாவது வகை.

இதன் இயல்பு வியப்பானது. சாதாரணச் சிவப்பு, தன்மேல் விழும் ஒளியிலுள்ள சிவப்பை மட்டும் திருப்பித் தந்து மற்றவற்றை விழுங்கிவிடும். ஒளிரும் நிறமோ கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிரையும் நீலத்தையும் வாங்கித் தன் நிறமாக மாற்றி வெளியிடும். எனவே ஆரஞ்சு ஒளியாக வாங்கியதினும் மிகுதியான ஆரஞ்சை அது நமக்குத் தருகிறது. மேகம் மூடிய நாளிலும் அந்தி மயங்கும் பொழுதிலும் மற்ற நிறங்கள் மங்கும்போது இது மட்டும் எரிவதுபோல் தோன்றக் காரணம் இதுவே. இவ்வியல்புக்கு 1852இல் ஆங்கிலப் பெயர் சூட்டியவர் ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர். இதனை வண்ணப்பூச்சாக்கி ஊரறியச் செய்தவர்கள் அமெரிக்காவின் ஸ்விட்சர் சகோதரர்கள். 1930களில் அண்ணன் இராபர்ட் விபத்தில் தலையில் அடிபட்டு இருட்டறையில் கிடந்தார். தம்பி ஜோசப் மாயவித்தை காட்டுவதில் ஆர்வமுடையவர். இருவரும் தந்தையின் மருந்துக்கடைக்குள் புற ஊதா விளக்கை எடுத்துச் சென்று, எந்தெந்தப் புட்டி ஒளிர்கிறது என்று தேடினராம். இரண்டாம் உலகப் போரின்போது வட ஆப்பிரிக்கப் பாலைநிலத்தில், நம்மவர் இன்னார் என வானூர்திக்கு உணர்த்தும் துணிகளில் அவர்களுடைய வண்ணம் பயன்பட்டது. அண்ணன் படுத்திருக்கத் தம்பி விளக்கேந்திய அக்காட்சி எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் வீட்டில் அவ்வாறு நிகழவில்லை.

பந்தயக் களத்திற்கும் இந்நிறம் புதிதன்று. 1980களில் மக்லாரன் அணியினர் தங்கள் சிவப்பு தொலைக்காட்சியில் சிவப்பாகவே தெரியவேண்டி ஒளிரும் சிவப்பைப் பூசினர். 2009இல் ஒரேயோர் ஆண்டு மட்டும் களத்திலிருந்து வாகை சூடிச் சென்ற பிரான் அணியின் வெள்ளைக் காரில் ஒளிரும் மஞ்சள் பட்டை இருந்தது.

இனிக் கடைக்கு வருவோம். தம்பி ஒளிர்தாளில் ஒரு சாண் துண்டு வெட்டிப் பழுப்புப் பரப்பின்மேல் வைத்துக் காட்டினான். உருளையில் தீயாய் எரிந்த நிறம் அங்கே செங்கல்பொடியாய் மங்கிற்று. "பாத்தீங்களா, இது அடியில இருக்கிறதைக் காட்டிக்கொடுத்துடும். வெள்ளை வேணும்" என்றான். வெள்ளை வண்ணம் அடித்தால் அது முற்றும் உலரப் பல நாளாகும். உலராத பூச்சின்மேல் தாளை ஒட்டினால் ஆவி கிளம்பிக் கொப்புளம் எழும். ஆகவே முதலில் வெள்ளை வினைல், அதன்மேல் ஒளிர்தாள் என இரண்டு முறை ஒட்டவேண்டும். பந்தயக் காரில் வீண் எடை கூடாது என்பதால் பலர் இரண்டடுக்கு ஒட்டத் தயங்குவராம். "யார்கிட்ட கத்துக்கிட்டே?" என்றேன். அவன் என்னை வியப்போடு பார்த்தான். "அத்தாகிட்டத்தான். ஃப்ளோரசன்ட் பொடியில செவுரு எழுதும்போது முதல்ல வெள்ளை அடிக்கச் சொல்லுவாங்களே. நான்தானே அடிப்பேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருந்தது?

வேலை தொடங்கிற்று. கல் தெறித்த குழிகளையெல்லாம் பட்டி வைத்துத் தேய்த்து அவன் முன்னரே சமன்செய்திருந்தான். சோப்பு நீரால் கழுவி, எண்ணெய்ப் பசை போக, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் இருமுறை துடைத்தோம். தரையில் நீர் தெளித்துப் புழுதியை அடக்கினான். மின்விசிறியை நிறுத்தினான், தூசு பறந்து பசையில் படிந்துவிடுமாம். சன்னல்களும் அடைபட்டன. அந்தப் புழுக்கத்தில் நான் தாளின் இரு முனையையும் ஏந்தி நிற்க, அவன் பின்பக்கக் காகிதத்தைச் சிறிது சிறிதாக உரித்துக்கொண்டே, நுனியில் மென்துணி ஒட்டிய ஸ்குவீஜியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தள்ளினான். காற்று வெளியேறும் மெல்லிய ஓசை கேட்டது. வெள்ளை விரைவிலேயே முடிந்தது.

ஒளிர்தாள் அவ்வாறு பணியவில்லை. அது சற்றுத் தடிப்பானது, விறைப்பானது. வளைவில் இழுத்துப் பிடித்தால் இழுத்த இடம் வெளிறிவிடும். "இழுக்காதீங்க, ஏந்திக்கிட்டு மட்டும் இருங்க" என்று அவன் நூறு முறையாவது கூறியிருப்பான். ஹீட் கன்னின் வெப்பக்காற்றை மேலே காட்ட, தாள் துணிபோல் தளர்ந்து வளைவில் படிந்தது. மூக்கின் முனையில் ஒரே தாளாய் மூட முயலாமல், கண்ணில் படாத விளிம்பில் இணைப்பு வைத்தான். ஓர் ஒழுங்கை அவன் விடாமல் பின்பற்றினான்: வால்புறத்தில் தொடங்கி மூக்கை நோக்கி வந்தான். முன்தாளின் விளிம்பு பின்தாளின்மேல் அரை சென்டிமீட்டர் ஏறியிருக்கவேண்டும். மாற்றி ஒட்டினால் விரைந்து வரும் காற்று விளிம்பில் நுழைந்து உரித்துவிடும். ஓட்டுக்கூரை வேய்பவர் கீழ்வரிசையிலிருந்து மேலேறுவதைப் போன்றதே இது என்று நான் கூற, "அதேதான் அண்ணே" என்றான். உவமைக்குப் பரிசு பெற்ற மாணவன்போல் மகிழ்ந்தேன்.

அம்மகிழ்ச்சியில் கவனம் சிதறியிருக்கவேண்டும். நள்ளிரவுக்குப் பின், இடப்பக்கப்பெட்டிக்குரிய தாளை நான் ஏந்தியிருந்தபோது, என் நெற்றி வியர்வை ஒரு துளி பசையின்மேல் விழுந்தது. அதே கணம் நான் பதறிக் கையை அசைக்க, தாள் மடிந்து தன்னோடு தானே ஒட்டிக்கொண்டது. மாற்றுத் தாள் இல்லை. வேறோர் உருளை வாங்கினாலும் வேறு நாளில் செய்ததாயின் நிறம் சற்றே மாறும். ஒரே காரில் இருவேறு ஆரஞ்சு நிற்கும். அத்தாளின் விலையையும் அவன் முன்பணமாகக் கொடுத்திருந்தான். நான் நடுங்கிப்போனேன். அவனோ என்னைக் கடிந்து ஒரு சொல் கூறவில்லை. வெப்பக்காற்றை எட்ட நின்று காட்டி, மடிந்த இரு பக்கத்தையும் நூல் பிரிப்பதுபோல் பிரித்தான். பத்து நிமிடம் ஆயிற்று. ஈரத்தை ஒற்றியெடுத்தான். நீட்டிப் பார்த்தான். விரலளவு ஓரம் மட்டும் கெட்டிருந்தது. அதனைச் சக்கரத்தின் பின்னே மறையும் இடத்தில் வரும்படி தாளைத் திருப்பி ஒட்டினான்.

"அன்னைக்குப் பெருநாள்ல நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது" என்றேன். ஸ்குவீஜியை நிறுத்தாமலே, "எனக்கு அது ஞாபகமில்லை அண்ணே" என்றான். அவனுக்கு நன்றாக நினைவிருந்தது என்பதை அவன் குரலிலிருந்தே உணர்ந்தேன். அவன் பொய் சொன்னது என்பொருட்டு.

விடியுமுன் ஓரங்களையெல்லாம் மீண்டும் சூடேற்றி அழுத்தினான். வளைத்த தாள் தன் பழைய வடிவை நாடி எழாமலிருக்க இது வேண்டுமாம். எண் ஒட்டுவது ஒன்றே எஞ்சியது. 17. நேரம் கணிப்போரும் கொடி காட்டுவோரும் தொலைவிலிருந்தே படிக்கும்படி கருநிறத்தில் வெட்டியிருந்தான். நான் வீட்டிற்குச் சென்று குளித்துத் தொழுதுவிட்டு வருவதாகக் கூறிக் கிளம்பினேன். திரும்பியபோது தனியே வரவில்லை; அத்தாவை அழைத்து வந்தேன். எழுபத்தைந்து வயதில் கை நடுங்குகிறது, கண் நடுங்கவில்லை. "ரேஸ் கார் பார்க்கலாம், வாங்கத்தா" என்று மட்டுமே கூறியிருந்தேன்.

அத்தா படியேறி உள்ளே வந்தார். தம்பி கையிலிருந்த பிளேடைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான். அவர் காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். விளிம்பொன்றைச் சுட்டுவிரலால் தடவினார். பிறகு இரண்டடி பின்னே நகர்ந்து, தலையைச் சாய்த்து மூக்கிலிருந்த எண்ணைப் பார்த்தார்.

"ஒண்ணும் ஏழும் தனித்தனியா நிக்குது. அளந்து வச்சியா?"

"ஆமாத்தா. ரெண்டு இஞ்ச்."

"ஏழுக்கு அடியில எவ்வளவு வெத்திடம் கிடக்கு பாரு. அதையும் சேத்துத்தான் கண்ணு பார்க்கும். ஏழை உள்ள தள்ளு."

தம்பி ஏழைச் சூடேற்றி உரித்தான். சிறிது தள்ளினான், அத்தா இன்னும் என்று கைகாட்டினார், மேலும் தள்ளினான். "நிறுத்து" என்றார். அதற்குமேல் அவர்கள் பேசவில்லை. ஆனால் அத்தா போகவுமில்லை. முக்காலி ஒன்றில் அமர்ந்து, பக்கப்பெட்டிகளின் எண்களும் ஒட்டி முடியும்வரை இருந்தார், தேநீர் வந்தது, குடித்தார்.

ஞாயிறன்று மூவரும் செட்டிபாளையம் சென்றோம். வானம் மூடியிருந்தது. அக்கார் பாதையின் மறுகோடி வளைவில் திரும்பும்போதே எங்களுக்குத் தெரிந்தது. மற்றவை அருகில் வந்த பின்னரே இன்ன நிறமெனத் தெரிந்தன. எத்தனையாவதாக வந்தது என்று மாணவர்கள் கேட்பீர்கள். ஏழாவதாக. யாரும் அதன்மீது மோதவில்லை. அந்த இளைஞரின் தாயார் எங்களுக்குச் சற்றுத் தள்ளி நின்றிருந்தார். சுற்றுக்குச் சுற்று அந்த ஆரஞ்சுப் புள்ளி வளைவில் தோன்றும்போது மட்டும் அவர் மூச்சுவிட்டதைக் கண்டேன்.

இந்நிறத்திற்கு ஆயுள் குறைவு. எந்தக் கதிரை உண்டு ஒளிர்கிறதோ அக்கதிரே அதன் சாயத்தைச் சிதைக்கிறது. நல்ல வினைல் வெயிலில் பல்லாண்டு தாங்கும் என்றால், இது மாதக்கணக்கில்தான். மேலே காப்புத்தாள் ஒட்டினால் சிறிது கூடும். எடையும் கூடும் என்று வேண்டாமென்றுவிட்டனர். போட்டிகள் முடிந்து, வெயிலில் நின்று நின்று வெளிறிய நிலையில், கார் மீண்டும் கடைக்கு வந்தது. இம்முறை தம்பி என்னைத் தயங்காமல் அழைத்தான். கையாட்கள் இருவரும் நலமாகத்தான் இருந்தனர்.

தாளை உரிப்பதற்குமுன் எண்ணை உரித்தான். கருந்தாள் வெயிலை மறைத்திருந்ததால் அதனடியில் ஆரஞ்சு அன்று கண்டவாறே இருந்தது. வெளிறிய மூக்கின்மேல் பதினேழு என்னும் எண் தீயால் எழுதியதுபோல் நின்றது. முக்காலியிலிருந்த அத்தா எழுந்து, இரண்டடி பின்னே நகர்ந்து, தலையைச் சாய்த்தார்.

"இடைவெளி சரியாத்தான் இருக்கு" என்றார்.